"தெருவுக்கு வடக்கு"ன்னா தெரு எந்தப் பக்கம்? கடலூர் கோர்ட் பக்கத்து டைப்பிங் கடை பத்தி ஒரு ஜூனியர் ரிவ்யூ

கடலூர் பார்ல, அதாவது இங்க இருக்கற வக்கீலுங்க கூட்டத்துல, புதுசா சேர்ந்திருக்கற ஜூனியர் வக்கீலுங்களுக்காகத்தான் இத எழுதறேன். மஞ்சக்குப்பத்துல கோர்ட்டுல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு சந்து, டீக்கடை தாண்டுனா நீல ஷட்டர் போட்ட ஒரு சின்ன கடை, போர்டுல "ஜாப் டைப்பிங் தமிழ் ஆங்கிலம் ஜெராக்ஸ்"னு எழுதினதுல பாதி எழுத்து வெயில்ல போயிடுச்சு. உள்ள ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், மூலைல துணி போட்டு மூடி வெச்ச பழைய டைப்ரைட்டர். அக்கா ஒருத்தங்க நடத்தறாங்க, ஜெராக்ஸ் பாத்துக்க ஒரு தம்பி. அக்கா டைப்ரைட்டிங்ல தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் ரெண்டும் பாஸ் பண்ணவங்க, இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல பிராது (சிவில் வழக்கு போடற மனு), அஃபிடவிட், நோட்டீஸ் மட்டுமே அடிச்சு அடிச்சு அவங்க கைல ஓடாத கேஸ் டைப்பே கிடையாதுன்னு சொல்லலாம்.

நான் எங்க குடும்பத்துல முதல் வக்கீல். பண்ருட்டி பக்கம் கிராமம், அப்பாவுக்கு முந்திரி தோப்பு, கோர்ட்டுன்னா வாய்தாவுக்கு அலையற இடம்னுதான் வீட்ல தெரியும். அஞ்சு வருஷம் படிச்சதுல டிராஃப்டிங்குக்குன்னு ஒரு பேப்பர் உண்டு, பார் கவுன்சில் ரூல்படி எல்லா லா காலேஜ்லயும் கட்டாயம், ஆனா அதுல நான் எழுதினது எல்லாம் கைடு பாத்து எழுதின மாதிரி பிராது, ஏ பி சி டின்னு பார்ட்டி பேரு போட்டு. அப்புறம் ஏஐபிஇ, வக்கீலா தொழில் பண்ண பாஸ் பண்ண வேண்டிய பார் எக்ஸாம், அது 100 கேள்வி, எல்லாம் டிக் அடிக்கறது, பேர் ஆக்ட் (குறிப்பு எதுவும் இல்லாத சட்டப் புத்தகம்) கைல வெச்சுக்கலாம், அதுலயும் ஒரு பிராது எழுதுன்னு யாரும் கேக்கல. என்ரோல் ஆகி சீனியர் ஆபீஸ்ல சேர்ந்த ரெண்டாவது வாரம் ஒரு கட்டு டாக்குமெண்ட்ட கைல குடுத்து "பெர்மனன்ட் இன்ஜங்ஷன் சூட்மா, டிராஃப்ட் போட்டு டைப் பண்ணி எடுத்துட்டு வா"ன்னாரு சார், அதாவது எதிராளிக்கு நிரந்தரமா தடை போடச்சொல்லி கேக்கற வழக்கு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது, காலைல பத்தரைக்கு கோர்ட்ல கேஸ் கூப்பிட ஆரம்பிச்சா ஒரு கோர்ட்டுல இருந்து இன்னொரு கோர்ட்டுக்கு ஓடி சாயந்திரம் ஆபீஸ்ல கட்சிக்காரங்க கூட்டம், உக்கார வெச்சு சொல்லிக்குடுக்க அவருக்கு நேரம் எங்க இருக்கு.

முதல்ல நான் போனது வேற ஒரு கடை, பேரு வேண்டாம். அங்க பழைய கேஸ் ஃபைல தொறந்து பேர மட்டும் மாத்தி அடிச்சு குடுத்துடுவாங்க, சீக்கிரம் முடியும், பக்கத்துக்கு 25 ரூபாதான். அப்படி அடிச்ச அஃபிடவிட்ல நாலாவது பாராவுல வேற யாரோ ஒரு பிரதிவாதியோட பேரு அப்படியே இருந்துச்சு, நானும் கவனிக்கல, கோர்ட்ல ரிட்டர்ன் போட்டுட்டாங்க, அதாவது திருத்தி எடுத்துட்டு வான்னு திருப்பி குடுத்துட்டாங்க. கட்சிக்காரம்மா நெல்லிக்குப்பத்துல இருந்து மறுபடி பஸ் ஏறி வந்து கையெழுத்து போட்டாங்க, அன்னிக்கு கூலி வேலைக்கு போகாம வந்தாங்க. அந்த முகத்த இன்னும் என்னால மறக்க முடியல. அப்போ எங்க ஆபீஸ் குமாஸ்தா அண்ணன்தான் "நீ அந்த அக்காகிட்ட போம்மா"ன்னு இந்த கடைய காட்டுனாரு.

இன்ஜங்ஷன் பிராத எடுத்துட்டு போனேன். நான் என் டிராஃப்ட்ட நீட்டுனேன், அக்கா அத வாங்கவே இல்ல. "வாங்க வக்கீலம்மா, மூலப்பத்திரம் எங்க? அத குடும்மா முதல்ல"ன்னாங்க. 1987 கிரயப்பத்திரம், மடிச்ச இடத்துல எல்லாம் கிழிஞ்சு டேப் ஒட்டினது. கண்ணாடிய மேல ஏத்திட்டு சொத்து விவரத்த விரல் வெச்சு சத்தமா படிச்சாங்க, "தெருவுக்கு வடக்கு, வாய்க்காலுக்கு தெற்கு, இதன் மத்தியில் கிழமேல் ஜாதி அடி 30, தென்வடல் ஜாதி அடி 60". கிழமேல்னா கிழக்கு மேற்கா, தென்வடல்னா தெக்கு வடக்கா, ஜாதி அடிங்கறது பத்திரத்துல அடி அளவுக்கு எழுதற வார்த்தை. அப்புறம் என் டிராஃப்ட்ட எடுத்தாங்க. நான் என்ன எழுதியிருந்தேன்னா "வடக்கே தெரு, தெற்கே வாய்க்கால்". எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் பட்டுச்சு.

அக்கா கோவப்படல. வீணாப்போன பேப்பர் ஒண்ண திருப்பி போட்டு ஒரு கட்டம் வரைஞ்சாங்க. "தெருவுல நில்லும்மா. வடக்கு பாத்து திரும்பு. மனை எங்க இருக்கு?" "எதிர்ல இருக்குக்கா." "அப்ப மனைக்குள்ள போயி நின்னு பாத்தா தெரு எங்க இருக்கும்?" எனக்கு அப்பதான் புரிஞ்சுது, தெரு தெக்கால இருக்கு. பழைய பத்திரத்துல நாலு மால், அதாவது நாலு பக்க எல்லை, எழுதறவங்க தெருவுல இருந்து சொத்த பாக்கறாங்க, நான் சொத்துக்குள்ள இருந்து தெருவ பாத்த மாதிரி எழுதி, அதையும் தலைகீழா எழுதிட்டேன். இது சின்ன விஷயம் கிடையாது. சிபிசில (சிவில் நடைமுறைச் சட்டம்) ஆர்டர் 7 ரூல் 3 சொல்றதே சொத்த அடையாளம் கண்டுபிடிக்கற மாதிரி விவரம் குடுக்கணும்னுதான், அளவும் நாலு மாலும் ஒத்துப்போகலன்னா பொதுவா கோர்ட் நாலு மாலைத்தான் எடுத்துக்கும், நாளைக்கு இடத்த பாக்க கோர்ட் அனுப்பற கமிஷனர் சர்வேயரோட வந்து நின்னு "தெரு எங்கம்மா வடக்க இருக்கு"ன்னு கேட்டா நம்ம கட்சிக்காரர் அவர் வீட்டு வாசல்லயே பதில் சொல்ல முடியாம நிப்பாரு. எதிர்தரப்பு வக்கீலுக்கு அது ஒண்ணு போதும்.

அன்னிக்கு வீட்டுக்கு போற பஸ்ல என்கிட்ட இருந்த பழைய பத்திர ஜெராக்ஸ் எல்லாத்தையும் எடுத்து நாலு மால மட்டும் படம் போட்டு போட்டு பாத்தேன். அஞ்சு வருஷத்துல யாரும் எனக்கு அத சொல்லிக்குடுத்தது இல்ல.

இன்னொண்ணு சொல்றேன், இது புரோநோட்டு கேஸ், கடன் வாங்கினவர் எழுதிக்குடுத்த நோட்ட வெச்சு பணம் கேக்கறது. 2022 ஏப்ரல் 11ல எழுதின நோட்டு, 2 லட்சம், நூத்துக்கு ஒரு ரூபா வட்டி. 2025 ஆகஸ்ட்ல சூட் போடறோம். பழைய பிராதுல பாத்த மாதிரியே "இவ்வழக்கு காலவரம்புக்கு உட்பட்டே தாக்கல் செய்யப்படுகிறது"ன்னு ஒரு வரி எழுதி குடுத்துட்டேன். அக்கா அடிச்சுட்டே இருந்தவங்க கைய நிறுத்திட்டு "நோட்டு 22ல ஆச்சே, மூணு வருஷம் ஏப்ரலோட முடிஞ்சு போச்சே, பின்னாடி வரவு இருக்காம்மா?"ன்னு கேட்டாங்க, அதாவது நடுவுல பணம் கட்டினத நோட்டுக்கு பின்னாடி எழுதியிருக்கான்னு. இருந்துச்சு, 2023 டிசம்பர் 20ல 15,000 வட்டிக்கு வரவு, கடன்காரர் கையெழுத்தோட. லிமிடேஷன் ஆக்ட் (காலவரம்புச் சட்டம்) 19ஆவது பிரிவுப்படி கெடு முடியறதுக்குள்ள பணம் கட்டி, அத கட்டினவர் கைப்பட எழுதியோ கையெழுத்து போட்டோ இருந்தா அந்த தேதில இருந்து புதுசா மூணு வருஷம் ஓடும், அதனால கேஸுக்கு உயிர் இருக்கு. ஆனா அத பிராதுலயே சொல்லணும், ஆர்டர் 7 ரூல் 6. நான் சொல்லாம விட்டிருந்தேன். வரவு தேதிய ஒரு பாராவா எழுதி, வழக்கு மூலம் (வழக்கு எப்ப, எதனால வந்துச்சுன்னு சொல்ற) பாராவுலயும் சேத்து, வட்டிக்கணக்கயும் அக்கா முன்னாடியே போட்டேன், 40 மாசத்துக்கு 80,000, அதுல வரவு 15,000 போக 65,000, அசலோட சேத்து 2,65,000. கோர்ட் ஃபீஸ் 3 பர்சன்ட்ல 7,950. 2017க்கு முன்னாடி ஏழரை பர்சன்ட் இருந்தப்ப இதே கேஸுக்கு 19,875 கட்டணும், பணம் போனவனே அத்தன பணம் கட்டித்தான் கேக்கணும்னு அப்ப கட்சிக்காரங்க அழுவாங்கன்னு அக்கா சொன்னாங்க.

இங்க ஒரு விஷயம் தெளிவா சொல்லிடணும். அக்கா வக்கீல் இல்ல, அவங்களும் அப்படி நடந்துக்க மாட்டாங்க. "நான் கேக்கறேன், முடிவு நீ பண்ணும்மா, சாருகிட்ட காட்டிட்டு வா"ன்னுதான் ஒவ்வொரு தடவையும் சொல்வாங்க. சட்டத்த நாமதான் பாக்கணும், பொறுப்பு கையெழுத்து போடற நமக்குத்தான். ஆனா எந்த இடத்துல கேள்வி கேக்கணும்னு அவங்களுக்கு தெரியுது, அதுதான் முதல் வருஷத்துல நமக்கு இல்லாதது.

சுவத்துல ஒரு அட்டைல கையால எழுதி ஒட்டியிருக்காங்க, பழைய சிஆர்பிசில பெயில் பிரிவு 437க்கு புது பிஎன்எஸ்எஸ்ல 480, 438க்கு 482, 439க்கு 483, பழைய சாட்சியச் சட்டம் 65பிக்கு புது சாட்சியச் சட்டமான பிஎஸ்ஏல 63ன்னு. 2024 ஜூலை 1ல புது சட்டம் வந்த வாரமே எழுதினதாம். கீழ சிவப்பு மைல "குற்றத் தேதி பார்"னு இருக்கு, ஏன்னா அந்த தேதிக்கு முன்னாடி நடந்த குத்தம்னா ஐபிசி செக்‌ஷன்தான் போடணும், பெயில் பெட்டிஷன்ல நிறைய பேர் அவசரத்துல மாத்தி போட்டுடறாங்க.

ரேட்டு தமிழ் பக்கம் 35, இங்கிலீஷ் 30, கரெக்‌ஷன் பிரிண்டுக்கு பக்கம் 5, நாம டைப் பண்ணி எடுத்துட்டு போனா பிரிண்ட் மட்டும்தான் காசு. மத்த கடைய விட பத்து ரூபா கூடத்தான். ஜூனியருக்கு பத்து ரூபாயும் கணக்குதான், 2024ல ஹைகோர்ட் சொல்லி பார் கவுன்சில் சென்னை மதுரை கோவைக்கு 20,000, மத்த ஊருக்கு 15,000 சீனியருங்க ஜூனியருக்கு மாசா மாசம் ஸ்டைபன்ட் (உதவித்தொகை) குடுக்கணும்னு சர்க்குலர் விட்டுச்சு, ஊர்ல கைக்கு வர்றது ஆபீசுக்கு ஆபீஸ் வித்தியாசப்படும், பஸ் காசு, சாப்பாடு, ஜெராக்ஸ் போக மாசக் கடைசில என்ன மிஞ்சும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒரு ரிட்டர்ன் வந்தா மறுபடி அடிக்கற செலவு, கட்சிக்காரர் வர்ற செலவு, பத்து நாள் தாமதம் எல்லாம் சேத்தா இந்த கடைதான் சல்லிசு. அதோட அக்கா ஜூனியருங்ககிட்ட நோட்டுல எழுதி வெச்சுட்டு மாசம் ஒருக்கா வாங்கிப்பாங்க, கேட்டு நச்சரிச்சு நான் பாத்ததே இல்ல. கட்டு தைக்க கோணூசியும் நூலும் மேஜை மேலயே இருக்கும், எப்படி தைக்கணும்னு அந்த தம்பி காட்டுவான்.

குறையும் சொல்லணும். திங்கக்கிழமை காலைல போகாதீங்க, குமாஸ்தாங்க எல்லாம் வரிசைல நிப்பாங்க, உங்க முறை வர பன்னெண்டு ஆயிடும். ஸ்கேனர் ரொம்ப பழசு, இ-ஃபைலிங்குக்கு பெரிய டாக்குமெண்ட் கட்டு ஸ்கேன் பண்ணா கோணலா விழுது, நான் அத மட்டும் வெளிய பண்ணிக்கறேன். அப்புறம் ஃபான்ட் பிரச்சனை, அக்கா அடிக்கறது வானவில், நாம போன்லயோ லேப்டாப்லயோ அடிக்கறது யூனிகோட், பென்டிரைவ்ல எடுத்துட்டு போய் ஒட்டுனா எழுத்து எல்லாம் கட்டம் கட்டமா நிக்கும், மாத்தினாலும் "ஸ்ரீ", "க்ஷ" மாதிரி சில எழுத்து உடையும், அதனால மாத்தினதுக்கு அப்புறம் பார்ட்டி பேர ஒரு தடவ எழுத்தெழுத்தா படிச்சுடுங்க.

எனக்கு பெரிய கவலையா இருக்கறது ஒண்ணுதான். கட்சிக்காரங்க ரகசியம். ஒரு டைவர்ஸ் பெட்டிஷன் அடிக்கறப்போ பக்கத்துல நாலு பேரு ஸ்க்ரீன பாத்துட்டு நிக்கற இடம் அது. கட்சிக்காரர் சொன்னத வெளிய சொல்லக்கூடாதுன்னு பிஎஸ்ஏ 132 வக்கீலுக்கும் அவர் குமாஸ்தாவுக்கும் வேலையாளுக்கும் சொல்லியிருக்கு, வெளி டைப்பிங் கடைய அது காப்பாத்தும்னு நம்பி ஒரு பொண்ணோட வாழ்க்கைய அங்க தொறந்து வெக்க எனக்கு மனசு வரல. அக்காகிட்ட சொன்னேன், உடனே அந்த மாதிரி கேஸுக்கு சாயந்திரம் ஆறு மணிக்கு மேல வரச்சொன்னாங்க, ஷட்டர பாதி இறக்கிட்டு அடிச்சு குடுத்துட்டு ஃபைல என் கண்ணு முன்னாடியே டெலிட் பண்ணி ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணாங்க. கேட்டாத்தான் பண்ணுவாங்க, அதனால குடும்ப கேஸ், போக்சோ கேஸ்னா நீங்களே வாயத் தொறந்து கேளுங்க, இல்ல ஆபீஸ்லயே அடிச்சுடுங்க.

இப்ப ஜட்ஜ் எக்ஸாமுக்கும் மூணு வருஷ ப்ராக்டிஸ் வேணும்னு 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டதால என் கூட படிச்சவங்க நிறைய பேர் கோச்சிங்க விட்டுட்டு கோர்ட்டுக்கு வர ஆரம்பிச்சிருக்காங்க. அவங்க கேட்டா நான் சொல்றது, மூணு வருஷத்த சர்டிபிகேட்டுக்காக மட்டும் ஓட்டாம உங்க கையால பிராது போடுங்க, போட்டத இந்த மாதிரி ஒரு கடைல பக்கத்துல உக்காந்து அடிக்க வைங்க, குடுத்துட்டு டீக்கடைக்கு போயிடாதீங்க. அவங்க எந்த வரில கைய நிறுத்தறாங்கன்னு பாத்துட்டே இருங்க.

கடை காலைல எட்டரைல இருந்து ராத்திரி எட்டு, மதியம் ரெண்டுல இருந்து மூணு சாப்பாட்டுக்கு மூடுவாங்க. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அஞ்சுக்கு மேல தொறந்திருக்கும், கூட்டமே இருக்காது, புதுசா போறவங்க அந்த நேரத்துல போங்க. டிராஃப்ட் மட்டும் எடுத்துட்டு போனா வேலைக்கு ஆகாது, மூலப்பத்திரம் ஜெராக்ஸும் எடுத்துட்டு போங்க, முதல்ல அதத்தான் கேப்பாங்க.