தினமும் மெயில் பேக்கப் என்று சொல்லி 41,300 ரூபாய் வாங்கினார்கள். கும்பகோணம் பக்கத்துக் கடைக்காரர்கள் கவனிக்கவும்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை நடந்தது, இன்று வெள்ளி. 41,300 ரூபாய் போனது. கூடவே பதினான்கு மாத மெயிலும் போனது. பணத்தைக்கூட விட்டுவிடலாம், மெயிலுக்கு எங்கே போவேன்?

நாச்சியார்கோவிலில் எங்களுக்குக் குத்துவிளக்குப் பட்டறை. அப்பா காலத்தில் ஆர்டர் நேரிலும் தபாலிலும் வரும். இப்போது பாதிக்கு மேல் மலேசியா, சிங்கப்பூர் கோயில்கள்தான். அளவு, படம், பணம் போட்ட பாங்கு ரசீது எல்லாமே மெயிலில். கடைப் பெயரிலேயே முகவரி இருந்தால் வெளிநாட்டுக்காரர்கள் நம்புவார்கள் என்று ஒரு கம்பெனியைப் பிடித்தோம். பெயர் போடவில்லை, தெரிந்த வக்கீல் வேண்டாம் என்றார். விர்ச்சுவல் மெஷினை (அவர்களுடைய பெரிய கம்ப்யூட்டரில் நமக்கென்று ஒதுக்குகிற பங்கு) வாடகைக்கு விட்டு, அதில் மெயிலை வாங்கி அனுப்புகிற மெயில் சர்வரும் போட்டு, தினமும் பேக்கப் எடுத்துத் தருவதாகச் சொல்கிற ரகம். மூன்று வருஷத்துக்கு 35,000, மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 41,300. மொத்தமும் முன்பணம்.

அந்தக் கம்பெனித் தம்பி வந்த நாள் கண்ணிலேயே நிற்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். கடை முகப்பில் இருக்கிற ஐந்தடி அன்ன விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். காபி குடித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்து காட்டினான். வரிசையாகப் பச்சை டிக். "ஒவ்வொண்ணும் ஒரு நாள் பேக்கப்ண்ணே. நீங்க நிம்மதியா விளக்கைப் பாருங்க, மெயிலை நாங்க பாத்துக்கறோம்" என்றான். பேக்கப் எங்கே இருக்கும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "கிளவுட்லண்ணே" என்றான். சரி என்று தலையாட்டினேன். விளக்கைக் கும்பிட்டவன் பொய் சொல்வானா என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் ஏமாந்தேன்.

செவ்வாய் காலை மலேசியாவிலிருந்து வாட்ஸ்அப். அவர்கள் அனுப்பிய மெயில் போகவில்லையாம், 452 என்று ஏதோ வருகிறதாம். அக்கா மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான், அவனைக் கூப்பிட்டேன். சர்வருக்குள் போய்ப் பார்த்தால் 60 ஜிபி டிஸ்க்கில் ஊசி குத்த இடமில்லை. அதில் 38 ஜிபி வெறும் லாக், அதாவது சர்வரில் நடப்பதையெல்லாம் அதுவே எழுதி வைக்கிற குறிப்பு. எவனெவனோ ராத்திரி பகலாகப் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுத் திறக்கப் பார்த்திருக்கிறான். வெளியே தெரிகிற எந்த மெயில் சர்வருக்கும் இது உண்டாம், அது குற்றமில்லை. ஆனால் சர்வரை அமைத்தபோது சோதனைக்காகப் போட்ட விரிவான லாக்கை இவர்கள் அணைக்கவே இல்லை. அதைத் தனிக் கோப்பில் எழுத விட்டிருக்கிறார்கள். பழைய லாக்கைச் சுருக்கி அழிக்கிற லாக்ரொட்டேட்டில் அந்தக் கோப்பைச் சேர்க்கவும் இல்லை. எங்கள் ஊர்க் கல் கருடன் சன்னதியிலிருந்து கிளம்பும்போது நாலு பேர் தூக்குவார்கள், வெளியே வர வர எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று ஆள் கூடிக்கொண்டே போகும். அந்தக் கதைதான் இந்த லாக்கும்.

இதுவரைகூடப் பெரிய சேதமில்லை. டிஸ்க் நிறைந்தால் சர்வர் புது மெயிலை வாங்காது, ஆனால் 452 என்பது தற்காலிக மறுப்புதான். அனுப்பியவர் பக்கத்துச் சர்வர் சில நாள் விடாமல் முயன்று பார்க்கும். பொறுமையாகச் சரி செய்திருக்கலாம்.

கம்பெனிக்குப் போன் போட்டோம். யாரோ ஒருவர் உள்ளே நுழைந்து லாக் கோப்பை அழித்தார். இடம் திரும்பவில்லை. ஓடுகிற புரோகிராம் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அழித்தாலும் இடம் உடனே வராது. மெயில் சர்வீஸை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தால் போதும் என்கிறான் மருமகன். அந்த மனிதருக்கு அது தெரியவில்லையா, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதா, தெரியாது. எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் மெஷினை ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது முன்பு ஒரு நாள் இருந்த நிலையை அப்படியே பதிந்து வைத்ததற்கு, திருப்பிவிட்டார். இருந்தது ஒரே ஸ்னாப்ஷாட். சர்வர் போட்ட அன்று எடுத்தது. பதினான்கு மாதத்துக்கு முந்தையது!

அந்த நேரம் என் கையில் போன். மலேசியா மெயிலைத் தேடித் தள்ளிக்கொண்டிருந்தேன். கண் எதிரிலேயே ஒவ்வொன்றாக மறைந்தது. புரட்டாசி போச்சு, ஆவணி போச்சு, ஆடி போச்சு. சர்வரில் இல்லாததைப் போனும் அழித்துவிடுமாம். கடைசியில் சர்வர் போட்ட அன்று வந்த சோதனை மெயில் மட்டும் நின்றது.

அன்றைக்குக் கடையில் பராமரிப்பு மின்தடை. பழைய கம்ப்யூட்டர் அணைந்தே கிடந்தது. கரன்ட் வந்ததும் நான் சுவிட்சைப் போடப் போனேன், மருமகன் "மாமா, தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே வந்து முதலில் நெட் ஒயரைப் பிடுங்கினான். அதனால் கடைசி நாலு மாத மெயில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அதில் தப்பியது. திங்கட்கிழமை கடை விடுமுறை, கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

தினசரி பேக்கப் எங்கே என்று கேட்டேன். "டெக்னிக்கல் டீம் பாக்குறாங்க சார்." மறுநாள், "மேல அனுப்பியிருக்கோம் சார்." மூன்றாம் நாள்தான் உண்மை வந்தது. அவர்கள் பேக்கப் வைக்கிற டிஸ்க்கும் எப்போதோ நிறைந்து, வேலை தினமும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. பச்சை டிக்குக்கு அர்த்தம், பேக்கப்புக்கு நேரம் குறித்திருக்கிறது என்பது மட்டும்தானாம். எடுத்தாயிற்று என்று அர்த்தமில்லையாம்! யார் என்ன செய்தார்கள் என்று காட்டும் லாக்கைக் கேட்டேன். அதுவும் ஸ்னாப்ஷாட்டோடு போய்விட்டதாம். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவில் லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறதே என்று மருமகன் கேட்டான். லைனைத் துண்டித்துவிட்டார்கள். காபி குடித்த தம்பிக்குப் போட்டேன். "நான் இப்ப அங்க இல்லண்ணே" என்றான். என் 41,300 ரூபாய்க்கு ஈடாக ஒரு மாதம் இலவச நீட்டிப்பு தருகிறார்களாம். யாருக்கு வேண்டும்?

மற்றவர்கள் என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், பட்டறையிலிருந்து ஆள் வந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்னாப்ஷாட் பேக்கப் இல்லை, அது அதே டிஸ்க்கை நம்பி நிற்பது. பேக்கப் இருக்கிறது என்று சொன்னால், போன மாத மெயில் ஒன்றை உங்கள் எதிரிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நகல் வேறு கம்பெனியிடமோ உங்கள் கடை ஹார்டு டிஸ்க்கிலோ இருக்கட்டும். லாக் இன்னொரு மெஷினுக்கும் போகட்டும். மூன்று வருஷப் பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். வியாபாரத்துக்கு வாங்கிய சேவை என்று தட்டிக் கழிப்பார்கள் என்கிறார் வக்கீல், பார்க்கலாம்.

கார்த்திகைக்குள் போய்ச் சேர வேண்டிய பன்னிரண்டு ஜோடி. வண்டல் மண்ணைப் பிசைந்து அச்சுக்குத் தயாராக நிற்கிறார் பெரியவர். தட்டு 18 அங்குலமா, 16 அங்குலமா என்று கேட்கிறார். திங்கட்கிழமை வந்த மெயிலில் அதைத்தான் மாற்றிச் சொல்லியிருந்தார்கள். மலேசியாவுக்கு மூன்று தடவை போன் போட்டுவிட்டேன், இன்னும் எடுக்கவில்லை.