வீட்டுக் காப்பீடு: வீடியோவா, போட்டோவா?

ஆடிக் காற்றில் பொள்ளாச்சிப் பக்கம் கூரை ஓடும் தகரமும் பறந்துவிட்டால், காப்பீடு கேட்க ஆதாரமாக வீடியோ, போட்டோ இரண்டில் எதை எடுத்து வைப்பது? 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியில் புயல் சேதமும் அடங்கும், ஆதாரம்தான் முக்கியம்.

தண்ணீர் எந்தப் பக்கமிருந்து இறங்கி எந்த அறைவரை போனது என்பதை வீடியோ தொடர்ச்சியாகக் காட்டும். ஆனால் ஃபிரிட்ஜின் மாடல் எண்ணோ சுவர் விரிசலின் அகலமோ அதில் தெளிவாகத் தெரியாது. அதற்குப் போட்டோதான் சரி. விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பொருள் பொருளாகத்தான் கணக்குப் போடுவார். சேதப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு போட்டோ இருந்தால் வாதாடவே தேவையிருக்காது.

என்னைக் கேட்டால் போட்டோவுக்கே முதலிடம், வீடியோ ஒரு சுற்று போதும். அப்புறம் தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள். உடைந்த ஓடுகளை மட்டும் சர்வேயர் பார்க்கும்வரை தூக்கிப் போடவேண்டாம்.