கொடியா, பலகையா, விளக்கா: மலை ரோட்டில் பாதி மட்டும் திறந்திருக்கும்போது

கண்டி நுவரெலியா ரோட்டில், றம்பொடைக்கும் புசல்லாவைக்கும் இடையில் ஒரு வளைவு. மேட்டுப்பக்கத்து மண் இறங்கிப் பாதி ரோட்டை மூடியிருந்தது, பெக்கோ ஒன்று அள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு முனையிலும் சிவப்பும் பச்சையுமாகக் கொடி வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆள். எங்கள் பஸ்ஸுக்குப் பச்சை காட்டினார்கள். வளைவின் நடுவில் பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சீமெந்து லொறி ஏறி வந்தது. அதற்கும் பச்சைதான் காட்டியிருக்கிறார்கள்.

ஏறும் வண்டிக்கு இடம் விடுவது மலை வழக்கம். பஸ் பின்னால் போனது. கொண்டக்டர் இறங்கிப் பள்ளத்துப் பக்கம் நின்று, "வரட்டும்... வரட்டும்... போதும் அண்ணே!" என்று தட்டினார். சில்லுக்கும் விளிம்புக்கும் ஒரு சாண்தான் இருந்தது. அப்புறம்தான் காரணம் தெரிந்தது. கொடிக்காரர்கள் இருவரும் கைபேசியில்தான் பேசிக்கொள்வார்கள், அந்த மடிப்பில் சிக்னல் கிடையாது.

அதிலிருந்து ரோட்டு வேலை எங்கே நடந்தாலும், வண்டிகளை எப்படி விடுகிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

கொடிக்குச் செலவே இல்லை, அதனால்தான் எங்கும் கொடி. ஆனால் மழையில் நனைந்தால் கம்போடு சுருண்டு ஒட்டிக்கொள்ளும். சிவப்பா பச்சையா என்று பக்கத்தில் வந்தால்தான் தெரியும். சிவப்புக் கொடியை ஆட்டினால் நில் என்றா, மெதுவாக வா என்றா? ஆளுக்கொரு அர்த்தம். அமெரிக்காவின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கையேடு கொடியை அவசரத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டு, கைப்பலகையைத்தான் முதலில் வைக்கிறது.

கைப்பலகை என்றால் ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'மெதுவாக'. எட்டு மூலைச் சிவப்புப் பலகையை எழுத்து வாசிக்காத ஆளும் புரிந்துகொள்வார். ஒளி திருப்பும் தாள் ஒட்டியிருந்தால் ஹெட்லைட் பட்டதும் மின்னும். கொடியா பலகையா என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம், பலகைதான்.

ஆனால் பலகைக்காரர் எங்கே நிற்கிறார்? 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடும். சாரதி கண்டு, சுதாரித்து, பிரேக்கில் கால் வைக்க இரண்டரை விநாடி என்று வைத்தால் 28 மீட்டர் போய்விடும். வண்டி நிற்க அதற்கு மேலும் தூரம் வேண்டும், ஈர இறக்கத்தில் இன்னும் அதிகம். அப்படியிருக்க, இங்கே வளைவு திரும்பியதும்தான் எச்சரிக்கைக்கு வைத்த தார் பீப்பாய் நிற்கிறது. முதல் எச்சரிக்கை வளைவுக்கு முன்னாலேயே இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் எந்த முறையைப் பிடித்தாலும் வீண்தான்.

சரி, தற்காலிக சிக்னல் விளக்கு? இராத்திரி பகலாக மாதக்கணக்கில் நடக்கும் வேலைக்கு அது நல்லது. ஆளுக்குத் தூக்கம் வரும், விளக்குக்கு வராது. மலையில் அதன் சிக்கல் நேரக் கணக்கில் இருக்கிறது. 300 மீட்டர் ஒற்றைப் பாதையை 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 54 விநாடியில் கடக்கும். பாரம் ஏற்றி 10 கிலோமீட்டரில் ஏறும் லொறிக்கு 108 விநாடி வேண்டும். இரு பக்கமும் சிவப்பாக இருக்கும் இடைவெளியைக் காருக்கு வைத்தால் லொறி நடுவில் மாட்டும். லொறிக்கு வைத்தால், எதிரே யாருமில்லையே என்று பொறுமையிழந்த ஆட்டோ சிவப்பிலேயே நுழையும். நுவரெலியாவுக்குக் கூட்டம் ஏறும் ஏப்ரலில் அந்த வரிசையை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, விளக்குக்கு மேலே பார்க்கத் தெரியாது. மண் சரிந்த இடத்தில் சிறு கல் உருண்டதும் "நிறுத்து!" என்று கத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது.

எனக்குப் பிடித்த முறை நம் ரயில் பாதையிலேயே இருக்கிறது. நாவலப்பிட்டிக்கு மேலே ஒற்றைத் தண்டவாளம். வளையத்தில் மாட்டிய டெப்லட், அதாவது அனுமதி வில்லை, கைக்கு வராமல் ரயில் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகாது. ரோட்டிலும் இதே யோசனைதான். ஒரு பக்கத்திலிருந்து விடும் கடைசி வண்டியிடம் ஒரு கம்பைக் கொடுத்து அனுப்புவது. அது மறுமுனைக் கைக்கு வந்தால்தான் அங்கிருந்து வண்டி கிளம்பும். அந்த அமெரிக்கக் கையேட்டிலும் இது உண்டு, பொதுவாக ஒரு மைலுக்கு மேற்படாத பாதைக்கு. கைபேசிச் சிக்னல் வேண்டாம், பட்டரி வேண்டாம், மறுமுனை கண்ணுக்குத் தெரியவும் வேண்டாம். வோக்கி டோக்கி இருந்தால் நல்லதுதான், ஆனால் அதில் வரும் "சரி" எந்தக் கேள்விக்கு வந்த சரி என்று குழம்பும். கம்பில் அந்தக் குழப்பம் இல்லை.

பாதை நீளமாகவும் கரடுமுரடாகவும் இருந்தால் முன்னே ஒரு வழிகாட்டி வாகனம் விடுவது மேல். வேகம் அதன் கையில் இருக்கும். ஆனால் ஒரு வண்டி, ஒரு சாரதி, நாள் முழுக்க எரிபொருள். சின்ன ஒப்பந்தத்தில் இதற்குக் காசு ஒதுக்கமாட்டார்கள்.

முழுதாக மூடுவது பத்திரமானது என்று கொழும்பிலிருந்து சொல்வது சுலபம். இங்கே மாற்றுப் பாதை என்பது பெரும்பாலும் அகலம் குறைந்த, செங்குத்தான தோட்ட ரோடு. நானுஓயா ரதல்லைக் குறுக்கு வழியில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வானும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் இறந்ததை மறக்க முடியுமா? ஆனாலும் மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் கம்பும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், மூடத்தான் வேண்டும்.

மற்ற நாளில், எங்கள் பக்கத்து வளைவுகளுக்கு இரண்டு கைப்பலகை, ஒரு கம்பு, மேலே பார்க்க ஓர் ஆள். இராத்திரிக்குப் பலகைக்காரரின் மேல் விளக்கு வெளிச்சம் விழ வேண்டும். கம்பு ஓரடி பிவிசி பைப்பாக இருக்கலாம், பளிச்சென்ற ஆரஞ்சு பூசியிருந்தால் போதும். மோட்டார் சைக்கிள்காரரிடம் கொடுக்காதீர்கள், ஒரு கையில் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் ஓட்டுவது ஆபத்து. பஸ் கொண்டக்டரிடம் கொடுப்பதுதான் நல்லது. அவரும் மறந்துபோய்க் கண்டி வரைக்கும் கொண்டுபோய்விட்டால், இரு பக்கமும் நிறுத்திவிட்டு ஓர் ஆள் நடந்து போய்ப் பாதை காலி என்று பார்த்து வரவேண்டும். அதற்குள் இன்னொரு கம்பு வெட்டிக்கொள்ளலாம்.