மொட்டைமாடித் தொட்டிக்குக் கொசுவலை: எதை வாங்கலாம்?
சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. தொட்டியிலும் கிணற்றிலும் உள்ள நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஆகவே இந்த வலைக்குக் கொடுக்கும் காசு வீணல்ல.

நைலான் வலை மலிவுதான், ஆனால் நம்ம ஊர் வெயிலில் சீக்கிரமே நைந்து ஓரம் கிழியும். துருப்பிடிக்காத எஃகு வலையையே வாங்குங்கள். வலைக்கண் (துளை) அளவு 1.2 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பலரும் மூடியை மட்டும் இறுக்கிவிட்டு, நிரம்பி வழியும் குழாயையும் காற்றுக்குழாயையும் திறந்தே விடுகிறார்கள். கொசுவுக்கு அந்த வழி போதும்! இரண்டின் வாயிலும் வலையைச் சுற்றி கிளாம்ப் போட்டு முடுக்குங்கள். வழியும் குழாயின் வலையில் பாசி அடைத்தால் தண்ணீர் மூடி வழியாகக் கொட்டும். அதனால் அந்த வலையை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். கிணற்றுக்கு இந்த வலை போதாது, சட்டத்தோடு சேர்ந்த மூடி தேவை.