பூச்சுக்கு முந்தைய வேலை: கிருஷ்ணகிரியில் ஒரு கார் பாலிஷ் கூடம்

ஐந்து ஆண்டுகள் ஓடிய என் கருஞ்சாம்பல் நிறக் காருக்கு, பெயின்டின் மேல் மெல்லிய படலமாய் இறுகி அதைக் காக்கும் பூச்சான சிராமிக் கோட்டிங் போடலாம் என்று கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் நான்கு கடைகளில் விசாரித்தேன். மூன்று இடங்களில் எந்த நிறுவனத்தின் பூச்சு, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதைத்தான் முதலில் சொன்னார்கள். நான்காவது கடைக்காரர் மட்டும் அந்தப் பேச்சை எடுக்காமல், வண்டியை நிழலுக்கு நகர்த்தி, கைவிளக்கைப் பானெட்டின் மேல் சாய்த்துப் பிடித்து, சிலந்தி வலைபோல் சுற்றிச் சுற்றித் தெரிந்த மெல்லிய கீறல்களைக் காட்டினார். "இது மேலயே பூச்சு போட்டா, இதையும் சேத்துத்தான் சார் பளபளன்னு காட்டும்" என்றார். வேலையை அவரிடமே கொடுத்தேன்.

அந்தக் கீறல்களுக்குக் காரணம் தேடி எங்கள் ஊரில் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிரானைட் பட்டறைகளும் குவாரி லாரிகளும் கிளப்பும் தூளில் உள்ள குவார்ட்ஸ், காரின் பெயின்டில் நிறமற்ற மேலடுக்காக இருக்கும் கிளியர் கோட்டைவிடப் பன்மடங்கு கடினமானது. அது படிந்த வண்டியைத் தினமும் காலையில் காய்ந்த துணியால் துடைத்து, ஐந்து ஆண்டுகளாக நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

முதல் நாள் முழுவதும் கழுவுவதிலேயே போயிற்று. நுரையடித்து ஊறவிட்டு, தூசியை நீரால் இறக்கிய பிறகே வண்டியின்மேல் கை வைத்தார்கள். ஷாம்புக்கு ஒரு வாளியும் அழுக்கை அலச ஒரு வாளியும் தனித்தனியே இருந்தன. கதவுகளின் அடியில் ஒட்டியிருந்த தார்ப் புள்ளிகளைக் கரைத்தெடுத்தபின் இரும்புத் துகளை நீக்கும் திரவத்தைத் தெளித்தார்கள். அழுகிய முட்டையை நினைவூட்டும் வாடை கூடத்தை நிறைக்க, சில நிமிடங்களில் சக்கரங்களிலிருந்தும் பம்பரிலிருந்தும் ஊதா நிறத்தில் நீர் வழிந்தது. பிரேக்கிலிருந்து தேய்ந்து பறக்கும் இரும்புப்பொடி பெயின்டில் குத்தி நின்று துருப்பிடிக்கும். வாரந்தோறும் தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் பிரேக்கை மிதித்தபடியே சேலத்துக்கு இறங்கும் வண்டியில் அது இல்லாதிருந்தால்தான் வியப்பு.

அதற்கும் அசையாத அழுக்கை, வழுக்குத் திரவம் தெளித்து, களிமண்போல் பிசையவரும் கிளே கட்டியால் தடவி எடுத்தார்கள். தொடங்கும் முன்பும் முடித்த பின்பும், கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பெயின்டைத் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். மணலாய் நெருடிய இடம் கண்ணாடியாய் வழுக்கியது. நடுவில் கட்டி தரையில் விழுந்தபோது, தடவிக்கொண்டிருந்த பையன் அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதைப் பிரித்தான். யாரும் சொல்லாமல் அவன் அப்படிச் செய்ததைப் பார்த்த பிறகு, நான் பக்கத்தில் நின்று கண்காணிப்பதை விட்டுவிட்டேன்.

பாலிஷுக்கு முன் ஒவ்வொரு பகுதியிலும் பெயின்டின் தடிமனை அளந்தார்கள். கம்பெனிப் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரைதான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதில் மேலடுக்கான கிளியர் கோட் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். கீறலை நீக்குவதென்றால் அந்த அடுக்கையே சிறிது தேய்த்துக் குறைப்பதுதான். முன்பு டிங்கரிங் பார்த்த வலது பின்கதவு 260 காட்டியது. நான் வாய் திறக்குமுன்பே, "இது வெளியில அடிச்ச பெயின்ட்" என்றார் கடைக்காரர். கைப்பிடிக்கு அடியில் நகம் மாட்டும் ஆழத்திலிருந்த கீறலை முழுவதும் எடுக்காமல் மட்டுப்படுத்தி நிறுத்தியது சரியான முடிவு. முதலில் சற்றுக் கடுமையாகத் தேய்க்கும் காம்பவுண்ட், பிறகு மென்மையான பாலிஷ் என இரண்டு கட்டமாக நடந்த வேலைக்குப்பின், அதே விளக்கொளியில் வலை மறைந்திருந்தது.

குறைகளும் உண்டு. போர் தண்ணீரை அப்படியே பயன்படுத்துகிறார்கள். இந்த மாவட்டத்து உப்பு நீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விடும், இடப்பக்கக் கண்ணாடியில் விட்டது. இரண்டு நாள் என்று சொன்ன வேலை நான்கு நாளானது. பாலிஷின் எண்ணெய் தங்கிவிட்டால் பூச்சு பிடிக்காது என்பதற்காக ஆல்கஹால் கலவையால் பொறுமையாகத் துடைத்தவர்கள், பூச்சைத் துடைத்தெடுக்கும்போது கூரையின் பின்பகுதியில் தாமதித்துவிட்டார்கள்; அங்கே உள்ளங்கை அகலத்துக்குக் கருந்திட்டு இறுகிப்போயிற்று. அடுத்த சனிக்கிழமை அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் பாலிஷ் செய்து பூசித் தந்தார்கள், பணம் கேட்கவில்லை.

மொத்தம் ரூ.22,000, அதில் ரூ.13,000 பூச்சுக்கு முந்தைய வேலைக்கு என்று பில்லில் தனியே எழுதியிருந்தது. டிக்கியில் கிடந்த என் பழைய துடைப்புத் துணியையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பில்லில் எதையும் கழிக்கவில்லை.