“சீனியர் சிட்டிசன் ஸ்பெஷல்” காசி யாத்திரை: எங்கள் 68,400 ரூபாய் போச்சு, நீங்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அறுபது தாண்டியவர்களுக்கென்றே யாத்திரை நடத்துவதாகச் சொல்லும் ஒரு ஏஜென்சியில் அப்பா, அம்மா இருவருக்கும் சேர்த்து 68,400 ரூபாய் கட்டினோம். காசி, கயா, பிரயாகை. போக வர ரயில். புகார் கொடுக்கப் போவதால் பெயரைப் போடவில்லை. கோயில் மாடவீதியில் போர்டு, வாட்ஸ்அப்பில் விளம்பரம், சுவர் முழுக்கப் பழைய பேட்ச்களின் குரூப் போட்டோ. இந்த மாதிரி ஏஜென்சி ஊருக்கு நாலு இருக்கிறது.

நம்ப வைப்பது எப்படி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அப்பாவுக்கு 74 வயது, இரண்டு முட்டியும் மாற்றியாயிற்று. கவுன்ட்டரில் இருந்தவர் எழுந்து வந்து நாற்காலி போட்டார். “உக்காருங்கப்பா, ஆபரேஷன் எந்த வருஷம் பண்ணீங்க?” என்று விசாரித்தார். நீளமான நோட்டைத் திறந்து சிவப்பு மையில் ‘கீழ் பெர்த், வெஸ்டர்ன் டாய்லெட், தரைத்தளம், வீல்சேர்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார். “போன பேட்ச்ல 82 வயசுப் பாட்டியை நானே கையைப் பிடிச்சுப் படித்துறையில இறக்கினேன்மா” என்று அம்மாவிடம் சொன்னார். அவராகவே முட்டியைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டால் யார் நம்பமாட்டார்கள்? 68,400 ரூபாயும் அங்கேயே ஜிபே-யில் போனது. அதுவும் கம்பெனி கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆளின் நம்பருக்கு. கையில் கிடைத்தது ஒரு துணிப்பையும் கழுத்தில் மாட்டும் கார்டும்தான். “பில் கடைசியில மொத்தமா தரோம்.”

நோட்டில் எழுதிய நாலில் ஒன்றுகூட நடக்கவில்லை.

ரயில் ஏறியதும் அப்பாவுக்கு மிடில் பெர்த், அம்மாவுக்கு அப்பர். “ரயில்வே குடுக்கறதுதான் சார், நம்ம கையில இல்ல” என்றார்கள். பச்சைப் பொய். 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் கீழ் பெர்த் கோட்டா தனியாக இருக்கிறது. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அது பொருந்தும். அந்த டிக்கெட்டில் இருக்கும் எல்லாருமே கோட்டாவுக்கு உரியவர்களாகவும் இருக்க வேண்டும். இவர்கள் வேலை சுருக்கமாக முடியட்டும் என்று ஆறு ஆறு பேராக ஒரே பிஎன்ஆரில் போட்டிருக்கிறார்கள். ஆறு பேரைச் சேர்த்த உடனே கோட்டா போய்விடும். தேர்ட் ஏசியில் எட்டு பெர்த் உள்ள ஒரு பகுதியில் சைடு லோயரைச் சேர்த்தாலும் கீழ் பெர்த் மூன்றுதான், ஆறு பேருக்கு எங்கிருந்து வரும்? இரண்டிரண்டு பேராகப் போட்டு, ‘கீழ் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய்’ என்ற தேர்வையும் கொடுத்திருந்தால் போதும், கூடுதல் செலவு பத்து பைசா கிடையாது. முதியவர்களுக்கென்றே தொழில் நடத்துகிறவர்களுக்கு இது தெரியாதா?

காசியில் ‘கங்கைக் கரை ஹோட்டல்’. கரை என்னவோ கரைதான். ஆனால் வண்டி சோனார்புரா மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். அங்கிருந்து அனுமன் காட் படித்துறை வரை சந்துக்குள் நடை: வழுக்கும் கல், மாடு, உரசிக்கொண்டு போகும் பைக். ரூம் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. டாய்லெட் இந்தியன். முட்டி மாற்றியவர் குத்த வைத்து உட்காரவே கூடாது, அதனால்தான் அவரும் அதை நோட்டில் எழுதினார். மடக்கும் கமோட் நாற்காலி ஒன்றை பேட்ச்சோடு எடுத்துப் போயிருந்தால் போதும், லக்கேஜோடு லக்கேஜாக வந்திருக்கும்.

வீல்சேர் கடைசிவரை வரவில்லை. படகு ஏற்றியது தசாஸ்வமேத படித்துறையில். அங்கே படி இறங்கி, ஆடும் பலகை மேல் கால் வைத்து ஏற வேண்டும். நமோ காட் என்ற படித்துறையில் சாய்தளம் இருக்கிறது. வயதானவர்களை அங்கே கூட்டிப்போவதுதான் முறை.

எனக்கு இன்னும் ஆத்திரம் தீராதது அந்தக் கழுத்துக் கார்டு விஷயத்தில்தான். விஸ்வநாதர் கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைக்க வேண்டும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் கார்டுதான் கதி. அதில் இருந்ததோ ஏஜென்சி பெயரும் நம்மூர் ஆபீஸ் முகவரியும், அதுவும் தமிழில் மட்டும். காசியில் அதை யார் படிப்பார்கள்? ஹோட்டல் பெயர், சந்து, கூட வந்த மேனேஜர் நம்பர் மூன்றையும் இந்தியில் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

கயா ஏறக்குறைய 250 கிலோமீட்டர். விடிகாலை மூன்று மணிக்கு டெம்போ டிராவலர், வழியில் டாய்லெட் நிறுத்தம் திட்டத்திலேயே இல்லை. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயந்துபோய்த் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுவார்கள், தலைசுற்றல் அங்கேதான் ஆரம்பிக்கும். அம்மாவுக்கு அதுதான் ஆனது. பிண்டம் போடும்போது வாத்தியாரே, “ஸ்டூல் இருந்தா போடுங்கோ, அதுல உக்காந்தே பண்ணலாம்” என்றார். வண்டியில் ஸ்டூல் இல்லை. அப்பா தரையில் உட்கார்ந்து எழுந்ததில் முட்டி வீங்கிவிட்டது. பிரயாகையை விட்டுவிட்டு, சொந்தச் செலவில் விமானத்தில் திரும்பினார்கள்.

இனி ஆபீஸ் பதில்கள். முதலில் “ஓனர் அடுத்த பேட்ச்சோட போயிருக்கார்.” பிறகு “ஹோட்டல்காரன் கடைசி நேரத்துல மாத்திட்டான்.” அப்புறம் “பாதியில கிளம்பினது நீங்கதானே, அதுக்கு ரீஃபண்ட் கிடையாது.” சிவப்பு மையில் எழுதிய பக்கத்தைக் காட்டுங்கள் என்றோம். நாற்காலி போட்ட அதே ஆள் சொன்னது: “அது எங்க ரெஃபரன்ஸுக்கு எழுதினது சார், கமிட்மென்ட் இல்ல.” கடைசியில், அடுத்த யாத்திரை வந்தால் 5,000 கழித்துத் தருவார்களாம். 68,400 ரூபாயை வாங்கிக்கொண்டு, திரும்ப அவர்களிடமே பணம் கட்டச் சொல்கிறார்கள். இப்போது போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் பிளாக்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. தனி ஆள் நம்பருக்குப் பணம் போடாதீர்கள், ஜிஎஸ்டி எண் உள்ள ரசீது வாங்குங்கள். அவர்கள் நோட்டில் எழுதுவதை நம்பாதீர்கள், அதே வரிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘சரி’ என்று பதில் வாங்குங்கள். முழுத் தொகை கொடுக்கும் முன் பிஎன்ஆரை வாங்கி, டிக்கெட்டில் எத்தனை பேர், என்ன பெர்த் என்று பாருங்கள். ஹோட்டலுக்கு நீங்களே போன் செய்து லிஃப்ட், டாய்லெட், வண்டி நிற்கும் இடம் மூன்றையும் கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. எங்கள் 68,400 ரூபாய்க்கும் அங்கேதான் போகிறோம்.