டிலனாயா, டி போய்னா? அரசருக்கு யார் வாய்த்தால் லாபம்

18ஆம் நூற்றாண்டில் இந்திய அரசர்களிடம் வேலை பார்த்த ஐரோப்பியத் தளபதிகள் என்று பேச்சு வந்தாலே பெனுவா டி போய்ன் பெயர்தான் முன்னால் நிற்கும். ஜெயித்த சண்டைகளை வைத்துப் பார்த்தால் அது நியாயம்தான். ஆனால் சம்பளம் கொடுத்த அரசுக்கு யாரால் நீடித்த பலன் என்று கேட்டால், என் ஓட்டு திருவிதாங்கூர் அரசரிடம் வேலை பார்த்த டச்சுப் படைக்காரர் டிலனாய்க்கு.

டி போய்ன், பிரான்ஸ்-இத்தாலி எல்லையில் இருந்த சவாய் நாட்டுக்காரர். பிரெஞ்சுப் படை, ரஷ்யப் படை, சென்னையில் ஆங்கிலக் கம்பெனிப் படை என்று சுற்றிவிட்டு 1784இல் மராத்திய அரசர் மகாதஜி சிந்தியாவிடம் சேர்ந்தார். அவருக்காக ஜெயித்த சண்டைகள்: 1790 ஜூனில் பாடன், செப்டம்பரில் மேர்த்தா, 1793இல் இன்னொரு மராத்திய அரசரான ஹோல்கருக்கு எதிராக லாகேரி. மேர்த்தாவில் ராத்தோர் ராஜபுத்திரர்களின் குதிரைப்படை பாய்ந்து வந்தபோது காலாட்படையைச் சதுரமாக நிறுத்தித் தாங்கினாரே, அந்த அளவுக்கு ஒரு களச் சாதனை டிலனாயிடம் கிடையாது.

டிலனாய் வந்ததே கைதியாக. 1741இல் குளச்சலில் தோற்ற டச்சுக் கம்பெனிப் படையில் இருந்தவர். திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா அவரைச் சிறையில் வாடவிடாமல் வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார், அது அரசரின் சாமர்த்தியம். பக்கத்து அரசுகளான காயங்குளம், அம்பலப்புழை மீது கிடைத்த வெற்றிகளை முழுக்க டிலனாய் கணக்கில் எழுதுவது சரியல்ல, அரசரின் தலைமை அமைச்சர் ராமய்யன் தளவாய்க்கு அதில் பெரிய பங்கு உண்டு. டிலனாயின் உண்மையான வேலை வேறு: புலியூர்க்குறிச்சி அருகே உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தி அங்கேயே பீரங்கி வார்க்க வைத்தது, கன்னியாகுமரி பக்கத்தில் வட்டக்கோட்டை, வடக்கே கொடுங்கல்லூர் பக்கம் தொடங்கி ஆனைமலை நோக்கிப் போன நெடுங்கோட்டை என்ற நீண்ட தற்காப்புச் சுவர். 1777இல் சாகும்வரை 36 வருஷம் இருந்தார். உதயகிரியில் உள்ள அவர் கல்லறையில் தமிழிலும் லத்தீனிலும் எழுதியிருக்கிறது.

டி போய்னோ, மகாதஜி இறந்து மூன்று வருஷத்துக்குள் சொத்தோடு ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிட்டார். அவர் உருவாக்கிய படையில் மேல் அதிகாரிகள் எல்லாம் ஐரோப்பியர்கள், படைச்செலவுக்கான நிலவருவாயும் தளபதி கையில். இதுதான் ஆபத்து. 1803இல் சிந்தியாவுக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டதும் பிரிட்டிஷ் வம்சாவளி அதிகாரிகள் பலர் விலகிக்கொண்டார்கள், அவருக்குப் பின் வந்த பெரோன் ஆங்கிலேயரிடமே போய்ச் சேர்ந்தார், செப்டம்பரில் சிந்தியாவின் அலிகர் கோட்டை விழுந்தது. சிப்பாய்களைக் குறை சொல்ல முடியாது. நவம்பரில் லாஸ்வாரியில் நல்ல தலைமை இல்லாமலே அவர்கள் கடைசிவரை நின்று சண்டை போட்டார்கள்.

திருவிதாங்கூரில் நடந்ததைப் பாருங்கள். டிலனாய் இறந்து 12 வருஷம் கழித்து, 1789 டிசம்பரில் திப்பு சுல்தான் நெடுங்கோட்டையைத் தாக்கியபோது அவரை விரட்டியடித்தார்கள். 1790 ஏப்ரலில் திப்பு அதை உடைத்து உள்ளே வந்தது உண்மைதான். ஆனால் அதற்குள் ஆங்கிலேயரோடு போர் தொடங்கிவிட்டதால் அவர் திரும்ப வேண்டியதாயிற்று. சுவர் வாங்கித் தந்த அந்த நாலு மாசம் திருவிதாங்கூரின் சிம்மாசனத்தைக் காப்பாற்றியது என்பதே என் கணிப்பு.